மருந்து எழுதும் கையும் மருந்து விற்கும் கையும்

2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, மூன்றாம் ஆண்டு வகுப்பாசிரியை ஒரு நெகிழிப் பையைக் கையில் ஏந்தியபடி என் அறைக்குள் வந்தார். "ஐயா, நம் மாணவன் ஒருவனின் தாயார் நண்பகல் மருந்தைப் பள்ளியிலேயே கொடுத்துவிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார். எதை எவ்வளவு கொடுப்பதென்று எனக்கு விளங்கவில்லை" என்றார். பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தேன். மூன்று சிறு புட்டிகள். மாத்திரை அடங்கிய இரண்டு சிறு உறைகள். புட்டி ஒன்றில் 'பாத்தோக்' என்று எழுதியிருந்தது, அது இருமலுக்கு. இன்னொன்றில் 'டெமாம்', அது காய்ச்சலுக்கு. மூன்றாவதில் 'அந்திபியோதிக்'. உறைகளில் ஒன்று சளிக்கு, மற்றொன்று வைத்தமின். ஐந்தில் ஒன்றிலேனும் உள்ளிருக்கும் மருந்தின் பெயர் இல்லை. பையின் அடியில் கசங்கிக் கிடந்த பற்றுச்சீட்டில் ஒரே வரி: சிகிச்சையும் மருந்தும், 85 வெள்ளி.

மாலையில் அந்தத் தாயார் பிள்ளையை அழைத்துச் செல்ல வந்தபோது பேசினேன். தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஐந்து நாளைக்குக் கொடுக்கச் சொன்ன புட்டியை மூன்றாம் நாளோடு நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். ஏனென்று கேட்டேன். "சின்னவனுக்கும் இருமல் வர்ற மாதிரி இருக்குங்க ஐயா. மீதியை அவனுக்கு வச்சுக்கலாம்னு பார்க்கிறேன். மறுபடியும் எம்பத்தஞ்சு வெள்ளிக்கு நான் எங்கே போவேன்?" என்றார். அந்நாளில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி. இருபத்தாறு வேலைநாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 58 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. ஒரு பிள்ளையின் சளிக்கு ஒன்றரை நாள் உழைப்பு! அவர் செய்ய நினைத்தது தவறு என்று நான் எடுத்துச் சொன்னேன். அவரும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருடைய கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்தது. மருத்துவர்கள்மீது சேறு வாரி இறைப்பது என் நோக்கமன்று. அவர்களுள் என் மாணவர்களும் உளர். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் முகஞ்சுளிக்காதவர்களும் உளர். நான் எதிர்ப்பது ஓர் ஏற்பாட்டை. நமக்கு என்ன மருந்து வேண்டும், எத்தனை மருந்து வேண்டும், எந்த விலைச் சரக்கு வேண்டும் என்று முடிவு செய்பவரே அதனை நமக்கு விற்று இலாபம் பெறுபவராகவும் இருக்கின்ற ஏற்பாடு அது. மலேசியாவில் 1952 ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம், பதிவுபெற்ற மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து வழங்க இடமளிக்கிறது. சிங்கப்பூர் கிளினிக்குகளிலும் இதுவே வழக்கம். பழகிப்போன காரணத்தால் இதிலுள்ள கோணல் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியரே, தோற்ற மாணவனுக்குத் தனிவகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கினால் நாம் சும்மா இருப்போமா? அவர் எவ்வளவு நேர்மையாளராயினும் அந்த ஏற்பாட்டை நாம் ஒப்பமாட்டோம் அல்லவா?

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் எவரும் இலர். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தின் கூறுகளாக நால்வகை எண்ணப்படுகின்றன: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன். வணிகனுக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பாவிலும் 13 ஆம் நூற்றாண்டிலேயே, சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடரிக் மன்னன் மருத்துவனும் மருந்து வணிகனும் கூட்டு வைத்துக்கொள்ளலாகாது என்று ஆணையிட்டான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அரசனுக்குத் தோன்றிய ஐயம் நமக்கு ஏன் தோன்றவில்லை?

இதில் நானே முதற்குற்றவாளி என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. ஊரில் ஒரு கிளினிக்கில் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து மருந்து வாங்கினேன். மாதம் 95 வெள்ளி. தாதி பையை நீட்டுவார். நான் பணத்தை நீட்டுவேன். உறையில் 'டாரா திங்கி' என்றிருக்கும். இரத்தக் கொதிப்பு என்பதற்கு மலாய்மொழியில் வழங்கும் சொல் அது. என் உடலுக்குள் நாள்தோறும் செல்லும் பொருளின் பெயர் என்னவென்று ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. பயிற்சிக் கல்லூரியில் பயின்றவன். மாணவர்க்குக் கேள்வி கேட்கும் பண்பை வளர்க்க வேண்டும் என்று ஆண்டுதோறும் ஆசிரியர் கூட்டத்தில் முழங்குபவன்! மருந்தாளராகப் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது அந்த மாத்திரையைப் பார்த்து, "சார், இது அம்லோடிபின். இதன் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பொதுப்பெயரில் பல நிறுவனங்கள் செய்கின்றன. டாக்டரிடம் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்" என்றாள். கூச்சத்தோடு கேட்டேன். எழுதித் தந்தார். மருந்துக்கடையில் ஒரு மாத மருந்து 28 வெள்ளிக்குக் கிடைத்தது.

வீட்டில் அமர்ந்து கணக்குப் போட்டேன். மாதம் 67 வெள்ளி வேறுபாடு. எழுபத்திரண்டு மாதத்திற்கு 4,824 வெள்ளி. இதில் மருத்துவர் என்னைப் பார்த்ததற்கான கட்டணமும் அடக்கம் என்பது நியாயம்தான். மூன்று மாதத்திற்கு ஒரு முறை 35 வெள்ளி கொடுத்திருந்தால் 840 வெள்ளி ஆகியிருக்கும். அதைக் கழித்தாலும் 3,984 வெள்ளி எஞ்சுகிறது. ஒரு தலைமையாசிரியருக்கு இது வருத்தம் தரும் தொகை. அந்தத் தாயாருக்கோ இரண்டரை மாதச் சம்பளத்தையும் தாண்டிய தொகை.

பொதுப்பெயர் மருந்து என்றதும் மட்டமான சரக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே மிகுதி. இந்த எண்ணத்தைக் களைய வேண்டியது நம் கடமை. ஒரு மருந்தைப் புதிதாகக் கண்டுபிடித்த நிறுவனம் காப்புரிமை உள்ள காலம்வரை தான் மட்டுமே அதனைச் செய்யும். அக்காலம் கழிந்தபின் அதே வேதிப்பொருளைப் பிற நிறுவனங்களும் செய்யலாம். நம் நாட்டில் தேசிய மருந்தாக்க ஒழுங்குமுறை முகமை அவற்றைச் சோதித்துப் பதிவு செய்த பிறகே அவை விற்பனைக்கு வருகின்றன. பெட்டியின்மேல் 'மால்' என்னும் எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் அதற்குச் சான்று. நீரிழிவுக்குரிய மெட்ஃபோர்மின், கொழுப்புக்குரிய சிம்வாஸ்டாட்டின், கொதிப்புக்குரிய அம்லோடிபின் ஆகிய மூன்றுமே இன்று பொதுப்பெயரில் மலிவாகக் கிடைப்பவை. நம்மவர் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுபவையும் இவையே. 2019 ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர். இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. வாழ்நாள் முழுவதும் மருந்துண்ண வேண்டிய நோய் நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உண்டென்றால், உறையில் மருந்தின் பெயர் இருக்கிறதா இல்லையா என்பது சிறு செய்தியா?

பணம் ஒரு பக்கம் கிடக்கட்டும். என்னை உண்மையிலேயே அச்சுறுத்துவது அந்தப் பையிலிருந்த மூன்றாவது புட்டி. சளியும் சாதாரண இருமலும் பெரும்பாலும் வைரஸ் கிருமியால் வருபவை. அண்டிபயாட்டிக் என்று நாம் வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி, பாக்டீரியாவைக் கொல்லுமேயன்றி வைரஸை ஒன்றும் செய்யாது. இது எந்த மருத்துவரும் அறியாத செய்தியன்று. ஆயினும் நடப்பதென்ன? 2014 ஆம் ஆண்டில் மலேசிய முதல்நிலைக் கிளினிக்குகளில் நாடு தழுவிய ஆய்வொன்று நடைபெற்றது. அரசாங்கக் கிளினிக்குகளுக்கு வந்த நோயாளிகளுள் 6.8 விழுக்காட்டினருக்கு அண்டிபயாட்டிக் வழங்கப்பட்டது. தனியார் கிளினிக்குகளிலோ 30.8 விழுக்காட்டினருக்கு. நோயாளிகள் வேறு, நோய்கள் வேறு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சளி, தொண்டைவலி போன்ற மேல் சுவாசத் தொற்றை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோதும், அரசாங்கக் கிளினிக்கில் 16.8 விழுக்காடு, தனியாரில் 57.7 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே நோய், ஏறத்தாழ ஒரே வகைப் படிப்புப் படித்த மருத்துவர்கள். அரசாங்க மருத்துவர் மருந்து எழுதுவதால் அவர் சட்டைப்பைக்கு ஒரு காசும் வருவதில்லை என்பது கண்முன் நிற்கும் வேறுபாடு. அது மட்டுமே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அது காரணமே இல்லை என்று சொல்வாருக்கு இந்த எண்கள் விடை கூறட்டும்.

பெனிசிலினை 1928 இல் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 இல் நோபல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என்று எச்சரித்தார். அந்தத் தாயார் தம் இளைய மகனுக்காகக் குளிர்பதனப் பெட்டியில் எடுத்துவைக்க நினைத்த அரைப்புட்டி, அவர் எச்சரித்த அதே செயல். முதலில் அம்மருந்து தேவையே இல்லை; கொடுத்தபின் அதன் விலை, அதைச் சரியாக முடிக்கவிடவில்லை. இரண்டு தவறுகளும் சேர்ந்து ஒரு பிள்ளையின் உடலில் குடியேறுகின்றன. நாளை உண்மையிலேயே நிமோனியா வந்தால் அந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து வேலை செய்யும்?

மருத்துவர் தரப்பையும் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் வாதம் நேர்மையாகாது. 2006 ஆம் ஆண்டின் தனியார் கிளினிக் விதிகள், பொதுமருத்துவர் ஒரு நோயாளியைப் பார்ப்பதற்கு 10 முதல் 35 வெள்ளிவரை கட்டணம் என்று வரையறுத்தன. அதன்பின் பல்லாண்டுகள் அந்த எண்கள் அசையவில்லை. கடை வாடகை அசைந்தது. தாதியர் சம்பளம் அசைந்தது. ஒரு தட்டு மீயின் விலைகூட இரு மடங்காயிற்று. தொழிலாளரின் மருத்துவச் செலவை ஏற்கும் இடைத்தரகு நிறுவனங்களோ 'பேனல்' என்ற பெயரில் மருத்துவர் கூலியை மேலும் நெருக்கின. எனவே மருத்துவர் தம் அறிவுக்குரிய விலையை மருந்துப் பைக்குள் ஒளித்துவைக்கத் தொடங்கினார். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பேசி, "இது சாதாரணச் சளி, வெந்நீரும் ஓய்வும் போதும்" என்று அனுப்புகிற மருத்துவர் நட்டமடைகிறார்; பேசாமல் ஐந்து மருந்து கட்டிக் கொடுப்பவர் பிழைத்துக்கொள்கிறார். நல்லவரைத் தண்டித்து மற்றவருக்குப் பரிசளிக்கும் ஏற்பாடு இது.

நாமும் இதற்குத் துணை போனோம். ஊசி போடாத டாக்டரிடம் போய்வந்தால் காசு வீண் என்று முணுமுணுத்தவர் யார்? வெறுங்கையோடு அனுப்பிய மருத்துவரை விட்டுவிட்டு, பை நிறையக் கொடுக்கும் கிளினிக்கை அக்கம்பக்கத்தாரிடம் புகழ்ந்தவர் யார்? நமக்குப் பேச்சு வேண்டாம், பொருள் வேண்டும். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று யோசித்துப் பார்க்கிறேன். 1970களின் கடைசியில் பேராக்கில் நாங்கள் வாழ்ந்த தோட்டத்தில் டிரெசர் ஒருவர் இருந்தார். காலைப் பிரட்டு முடிந்ததும் மருந்துக்கொட்டகை முன் வரிசை நிற்கும். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் பெரிய புட்டியிலிருந்து ஒரே சிவப்புத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுப்பார் என்று என் தந்தையார் சொல்லிச் சிரிப்பார். அதில் என்ன கலந்திருந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் வேலைக்கு அனுப்பிவிடுவார் என்ற பயம். அந்த டிரெசரைப் பொற்காலச் சின்னமாக நான் காட்டப்போவதில்லை. உண்மையில் நோயுற்றவனையும் பால் வெட்ட விரட்டிய டிரெசர்கள் இருந்தனர். ஆனால் அந்தச் சிவப்புத் தண்ணீரில் அவருக்கு ஒரு காசு இலாபம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது டிரெசரை இழந்தோம். கேள்வி கேட்காத வாயை மட்டும் கூடவே கொண்டுவந்தோம். இங்கே அந்த வாய்க்கு விலை வைத்திருக்கிறார்கள்.

2025 மே முதல் நாள், தனியார் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை நடப்புக்கு வந்தது. 2011 ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்த ஆணை அது. ஐந்து நாள் கழித்து மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். மருத்துவத்தை வணிகச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்து எங்களை மளிகைக்கடைக்காரர் ஆக்கலாமா என்பது அவர்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று. கேள்வியில் மானம் இருக்கிறது, மதிக்கிறேன். ஆனால் ஐயா, மருந்தை வாங்கி இருப்பு வைத்து, விலை ஏற்றி, பையில் போட்டுக் கொடுக்கும்போது வராத மளிகைக்கடை எண்ணம், விலையை எழுதி ஒட்டச் சொன்னவுடன் வருவானேன்? வணிகன் என்ற பெயர் வேண்டாமென்றால் வணிகத்தை விட்டுவிடலாமே! மருத்துவச் சட்டமே எங்களை ஆளட்டும் என்று அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. அந்தச் சட்டத்தில் விலையை மறைக்கவும் இடமிருக்கலாகாது, உழைப்புக்குக் கூலி மறுக்கவும் இடமிருக்கலாகாது என்று நாம் கேட்பதிலும் நியாயம் உண்டு.

விலைப்பட்டியல் ஒட்டுவதனால் மட்டும் எல்லாம் சீராகிவிடும் என்று நான் நம்பவில்லை. சுவரில் நூறு மருந்தின் விலை தொங்கினாலும், தன் கையிலுள்ள மருந்தின் பெயர் தெரியாதவனுக்கு அதனால் என்ன பயன்? வேரில் கை வைத்த நாடுகள் உண்டு. ஜப்பானில் மருத்துவரே மருந்து விற்பது தொன்றுதொட்ட வழக்கமாக இருந்தது. 1974 இல் மருந்துச்சீட்டு எழுதித் தருவதற்கான கட்டணத்தை அரசு பன்மடங்கு உயர்த்தியது. விற்பதைவிட எழுதித் தருவது மருத்துவருக்கு மதிப்பும் வருவாயும் தரத் தொடங்கவே, நிலைமை மெல்ல மெல்ல மாறியது. இன்று அங்கே வெளிநோயாளிச் சீட்டுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வெளி மருந்துக்கடைகளில் மருந்தாகின்றன. தென்கொரியா 2000 ஆம் ஆண்டில் ஒரே வீச்சில் இரண்டையும் பிரித்தது. மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனாலும் பிரிவினை நிலைத்தது. ஜப்பானிய வழியே நமக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. மருத்துவருக்கு அவர் அறிவுக்குரிய கூலியை வெளிப்படையாகக் கொடுப்போம். மருந்தின் இலாபத்தை அவரிடமிருந்து விலக்குவோம். மருந்துக்கடையே இல்லாத சிற்றூர்களிலும் தோட்டப்புறங்களிலும் கிளினிக்கிலேயே மருந்து கொடுக்கட்டும். அங்கேயும் பெயரும் விலையும் தாளில் இருக்கட்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மருந்துச்சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். கட்டணம் தனி, மருந்து தனி என்று பிரித்துத் தரச் சொல்லலாம். ஐந்து மருந்தில் எது கட்டாயம், எது இல்லாமலும் முடியும் என்று கேட்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக்கு மருத்துவரும் மருந்தும் கிடைப்பதை, அங்கே போவது கௌரவக் குறைவு என்று ஒதுக்காமல், நீண்டநாள் நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லலாம். காத்திருக்கும் நேரம் அதிகம்தான். அந்தத் தாயாருக்கு விடுப்பு கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அவர் போகும் தனியார் கிளினிக் நேர்மையான ஏற்பாட்டில் இயங்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இவையெல்லாம் மொழியறிவு சார்ந்த செயல்கள் என்பதால் ஆசிரியர்களாகிய உங்களிடம் வருகிறேன். நம் பள்ளிகளில் நலக்கல்வி தமிழிலேயே நடைபெறுகிறது. மருந்தைத் தவறாகப் பயன்படுத்தலாகாது என்று மாணவன் எழுதுகிறான், மதிப்பெண் போடுகிறோம். அவன் வீட்டு மேசைமேல் கிடக்கும் உறையை வாசிக்க அவனுக்குக் கற்பித்தோமா? அவன் பாட்டிக்கு மலாய் எழுத்து தெரியாது; தாய்க்கு நேரமில்லை; வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை ஒருவனே. ஆசிரியர் பயிற்சிக் கழக மாணவர்களே, பயிற்றுப் பொருள் தேடி நூலகத்தைச் சுற்றுகிறீர்கள். இதைவிடச் சிறந்த வாசிப்புப் பாடம் எங்கே கிடைக்கும்?

இவ்வாண்டு தொடக்கத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டிலுள்ள வெற்று மருந்து உறைகளைக் கொண்டுவரச் சொன்னேன். மேசை நிறைந்தது. மருந்தின் பெயர் எழுதியவை ஒரு பக்கம், எழுதாதவை ஒரு பக்கம் என்று பிரிக்கச் சொன்னேன். எழுதாத பக்கம் உயர்ந்துகொண்டே போயிற்று. ஒரு சிறுமி தன் பாட்டியின் உறையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அதில் 'கெஞ்சிங் மானிஸ்' என்று நோயின் பெயர் மட்டும் இருந்தது. "ஐயா, இதை எந்தப் பக்கம் வைப்பது?" என்று கேட்டாள். பாட்டியோடு அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மருந்தின் பெயரைக் கேட்டு அதன்மேல் எழுதிக்கொண்டு வா, பிறகு வைக்கலாம் என்றேன். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்தாள். பென்சிலால், எழுத்துப் பிழையோடு, மெட்ஃபோர்மின் என்று எழுதியிருந்தாள். தாதி முதலில் சிரித்தாராம். பிறகு மருத்துவரே வெளியே வந்து எழுத்துக்கூட்டிச் சொன்னாராம்.